மொரீசியஸ் வரலாற்றைப் படிக்க வேண்டுமா? நூறு ரூபாய் நோட்டிலிருந்து தொடங்குங்கள்

அடிமைப்பட்டுக் கிடந்து விடுதலை பெற்ற ஒரு நாட்டைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தால் நம்மில் பலர் முதலில் எடுப்பது ஆண்டுப் பட்டியலைத்தான். யார் எப்போது பிடித்தார்கள், யார் எப்போது விட்டுப் போனார்கள் என்று மனப்பாடம் செய்வோம், ஒரு வாரத்தில் மறந்துவிடும். மொரீசியஸுக்கு அந்தப் பட்டியல் மூன்று வரிதான். டச்சுக்காரர்கள் 1638இல் குடியேறி 1710இல் கிளம்பினார்கள், பிரெஞ்சுக்காரர்கள் 1715 முதல் 1810 வரை ஆண்டார்கள், அதற்கப்புறம் 1968 மார்ச் 12 வரை பிரிட்டிஷ்காரர்கள். இதை ஒரு தாளில் எழுதி ஓரமாக வைத்துவிடுங்கள்.

முதலில் மனதில் வாங்க வேண்டியது வேறு. கன்னியாகுமரி மாவட்டத்தைவிடச் சற்றே பெரிய அந்தத் தீவில் பூர்வகுடிகள் என்று யாருமே இல்லை. இன்று அங்கே இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் கப்பலில் வந்த குடும்பம். முதலாளியாக வந்ததா, சங்கிலியில் வந்ததா, கைநாட்டு வைத்து வந்ததா என்பதுதான் வித்தியாசம். இந்தியாவின் விடுதலைக் கதையை மனதில் வைத்துக்கொண்டு மொரீசியஸைப் படித்தால் இந்த இடத்திலேயே வழி தவறிவிடும்.

சரி, இப்போது அந்த நாட்டு நோட்டுகளின் படங்களை இணையத்தில் தேடி எடுங்கள். 1998இல் தொடங்கிய வரிசை. ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதற்குக் கீழே இந்தி. அந்த ஆண்டு முதலில் வெளியிட்ட நோட்டில் இந்தியை மேலே கொண்டுபோய்த் தமிழைக் கீழே இறக்கியபோது அங்கிருக்கும் தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடித்தது. ஒரு சிறுபான்மைச் சமூகத்துக்கு ஒரு வரி மேலே இருப்பதும் கீழே இருப்பதும் எவ்வளவு பெரிய விஷயம் என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

அப்புறம் முகங்களைப் பாருங்கள். நூறு ரூபாயில் ரங்கநாதன் சீனிவாசன், வழக்கறிஞர், கல்வி அமைச்சராக இருந்தவர். 25இல் சீன வணிகக் குடும்பத்து ஆ-சுவன், 200இல் முஸ்லிம்களின் தலைவர் அப்துல் ரசாக் முகமது, 500இல் சுக்தேவ் விசுனுதயாள், 2000இல் முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலம். ஆயிரம் ரூபாயில் இருக்கும் கெய்தான் துவாலிடம் கொஞ்சம் நில்லுங்கள். அவர் விடுதலை வேண்டாம், பிரிட்டனோடு இணைந்தே இருப்போம் என்று 1967 தேர்தலில் நின்றவர், கிட்டத்தட்ட 44 சதவீத வாக்கு அந்தப் பக்கம் விழுந்தது. விடுதலையை எதிர்த்தவரையும் நோட்டில் அச்சடித்து எல்லோருடைய பையிலும் வைத்திருக்கும் நாடு அது. ஒவ்வொரு முகத்துக்கும் அரைப்பக்கம் படித்தால் போதும், அந்த நாட்டின் சமூகக் கணக்கு முழுவதும் கைக்கு வந்துவிடும்.

இரண்டாவதாக விடுமுறை நாட்காட்டி. பிப்ரவரி 1 அடிமை முறை ஒழிந்த நாள் (1835), நவம்பர் 2 ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய நாள் (1834). தைப்பூசக் காவடிக்கும் அரசு விடுமுறை உண்டு, அதைப் பார்த்து நாம் பூரித்துப்போய் மேலே போய்விடுவோம். போகாதீர்கள், முதல் இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடிமைகளை விடுவிக்கப் போகிறோம் என்று தெரிந்ததுமே முதலாளிகள் கல்கத்தாவுக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள். அட்லஸ் என்ற கப்பலில் 36 பேர் வந்தார்கள், ஐந்து ஆண்டு ஒப்பந்தம், மாதம் ஐந்து ரூபாய். விடுதலையான அடிமைகளுக்கு நயாபைசா தரவில்லை, ஆனால் அவர்களை வைத்திருந்தவர்களுக்கு ஏறக்குறைய 20 லட்சம் பவுண்டு இழப்பீடு கிடைத்தது. கரும்புத் தோட்டங்கள் பெருகியதற்கு அந்தப் பணமும் ஒரு காரணம். பிறகு மெட்ராஸிலிருந்தும் கப்பல்கள் கிளம்பின, மொத்தமாக நாலரை லட்சம் பேருக்குமேல் அந்தத் தீவில் இறங்கினார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடிப்பார்கள், அதற்கு 'டபுள் கட்' என்றே பெயர். காய்ச்சலில் படுத்தவனுக்கும் அதே கணக்குதான்.

மூன்றாவது பெயர்கள். இது எனக்கு மிகப் பிடித்த பகுதி. அங்கே பதிவேடு எழுதியவர்கள் காதில் விழுந்ததைப் பிரெஞ்சு, ஆங்கில உச்சரிப்பில் எழுதி வைத்தார்கள். 'கூப்பென்' என்று ஒரு குடும்பப் பெயர் பார்த்தால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், குப்பன். 'சீனிவாசென்', 'முத்துசாமி', 'சுப்ராயென்', 'வைத்திலிங்கம்' எல்லாம் இருக்கின்றன. பெரும்பாலும் வந்திறங்கியவரின் பெயரோ அவருடைய அப்பா பெயரோ அப்படியே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. உங்கள் ஊரில் யாராவது மூதாதையைத் தேடினால் மொரீசியஸின் மோக்காவில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தைத்தான் அணுக வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், அப்பா பெயர், வயது, ஊர், வந்த கப்பல், பின்னாளில் வந்தவர்களில் பலருக்குப் புகைப்படம்கூட உண்டு. தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலில் நிற்காமல் ஒரு பெயரை நாலைந்து விதமாக எழுதிப் பாருங்கள், கிராமத்தின் பெயரையும் அப்படியே.

அந்தப் பெயர்களில் ஒன்று அஞ்சலை கூப்பென். 1943 செப்டம்பர் 27, பெல் வூ ஆரெல் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நின்றவர்கள்மீது போலீஸ் சுட்டது, நாலு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவரான அஞ்சலை அப்போது கர்ப்பிணி. இன்று அங்கே அவர் பெயரில் விளையாட்டரங்கம் இருக்கிறது. இதைப் படித்த கையோடு 1948 தேர்தலைப் படியுங்கள். தெரிந்த மொழியில் எளிய வாக்கியம் எழுதத் தெரிந்தால் வாக்குரிமை என்று ஆனபோது, பகலெல்லாம் கரும்பு வெட்டியவர்கள் இரவில் எழுத்துக் கற்றுக்கொண்டு வந்து வாக்களித்தார்கள். சுக்தேவும் அவருடைய அண்ணன் பாசுதேவும் நடத்திய இரவு வகுப்புகளுக்கு இதில் பெரிய பங்கு. 500 ரூபாய் நோட்டில் அந்த முகம் ஏன் இருக்கிறது என்பது இப்போது புரியும்.

பொருளாதாரத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. 1961இல் ஜேம்ஸ் மீட் என்ற பொருளியல் அறிஞர் இந்தத் தீவு தேறுவது கடினம் என்றே எழுதினார். ஏற்றுமதியில் தொண்ணூறு சதவீதத்துக்குமேல் சர்க்கரை, மலேரியா ஒழிந்து மக்கள் தொகை எகிறிக்கொண்டிருந்த நேரம். 1970இல் ஏற்றுமதிக்கான தொழிற்சாலைகளுக்குச் சலுகை தரும் ஏற்றுமதி மண்டலச் சட்டம், பிறகு ஐரோப்பாவுக்கு நல்ல விலையில் சர்க்கரை விற்க ஒப்பந்தம், ஆடைத் தொழிற்சாலைகள், சுற்றுலா, நிதிச் சேவை. இந்த வளர்ச்சியை 'அதிசயம்' என்று எழுதும் கட்டுரைகள் நிறைய கிடைக்கும். படிக்கும்போது இரண்டு கேள்வியைக் கையில் வைத்திருங்கள்: தையல் எந்திரத்தில் உட்கார்ந்தது யார் (பெரும்பாலும் பெண்கள், அதுவரை கூலிக் கணக்கிலேயே வராதவர்களும் உண்டு), கரும்பு நிலம் யார் பெயரில் இருந்தது. இரண்டாவது கேள்வி பழைய பிரெஞ்சு வழிக் குடும்பங்களிடம் கொண்டுபோய் விடும்.

இன்னொன்று, நம் ஆட்கள் எழுதும் மொரீசியஸ் கட்டுரைகளில் தமிழர்களும் கோயில்களும் மட்டுமே இருக்கும். அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்களை விட்டுவிட்டால் பாதிக் கதை காணாமல் போய்விடும். லெ மோர்ன் மலையைப் பற்றிக் கட்டாயம் படியுங்கள், தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம்.

அதோடு ஒரு வரைபடத்தை விரித்து, மொரீசியஸிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி தியேகோ கார்சியாவைத் தேடுங்கள். விடுதலைக்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1965இல், பிரிட்டன் தியேகோ கார்சியா அடங்கிய சாகோஸ் தீவுகளை மொரீசியஸிலிருந்து தனியாக வெட்டி எடுத்தது, அமெரிக்கப் படைத்தளத்துக்காக. அங்கிருந்த மக்களை 1968 முதல் 1973 வரை வெளியேற்றினார்கள், அவர்கள் வளர்த்த நாய்களைக் கொன்றார்கள். பலர் மொரீசியஸ் தலைநகர் போர்ட் லூயிஸின் குடிசைப் பகுதிகளில் வந்து விழுந்தார்கள். 2019இல் சர்வதேச நீதிமன்றம் அந்தப் பிரிப்பு சட்டப்படி செல்லாது என்று கருத்துச் சொன்னது. அந்தக் கருத்துரை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, சட்ட மொழிதான், ஆனால் தீவுக்காரர்களை வெளியேற்றிய பகுதியை மட்டுமாவது முழுசாகப் படித்துவிடுங்கள்.