நெல்லைப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய தண்ணீர்க் கணக்கு

வீடு கட்டப் போகிறேன் என்று சொன்னதும் எல்லாரும் கேட்பது எலிவேஷன் எப்படி, டைல்ஸ் எந்தக் கடை, சதுர அடிக்கு எவ்வளவு பேசியிருக்கிறீர்கள் என்பதைத்தான். நம் பக்கத்தில் அதற்கெல்லாம் முன்னால் தண்ணீரைப் பற்றிக் கேட்க வேண்டும். மழை பெய்தால் மனையில் எவ்வளவு உயரம் ஏறும், கலவைக்கு எந்தத் தண்ணீர், போட்ட கான்கிரீட்டுக்கு எத்தனை நாள் தண்ணீர், மொட்டைமாடித் தண்ணீர் எந்த வழியாக இறங்கும். கட்டி ஐந்தாறு வருஷத்திலேயே விரிசல், ஒழுகல், கம்பி துருப்பிடித்துத் தளம் பெயர்கிறது என்று புலம்புகிற வீடுகளைப் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றில்தான் கோட்டை விட்டிருப்பார்கள்.

மனையிலிருந்து ஆரம்பிப்போம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி கரை கடந்து தெருவுக்குள் வந்தது. உங்கள் மனைக்குப் பக்கத்தில் ரொம்ப வருஷமாகக் குடியிருக்கிற ஓர் அண்ணாச்சியிடமோ ஆச்சியிடமோ போய், அன்றைக்குத் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேளுங்கள், சுவரில் கறை இருந்தால் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அந்த அளவுக்கு மேலே ஓர் அடியாவது வருகிற மாதிரி பேஸ்மட்டம், அதாவது வீட்டுத் தரை மட்டம், இருக்கட்டும். வெள்ளமே வராத இடம் என்றாலும் ரோட்டிலிருந்து மூன்றடிக்குக் குறைக்காதீர்கள், ஏனென்றால் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு எத்தனையோ தெருக்களில் வீட்டு வாசல் பள்ளமாகிக் கிடக்கிறது. நஞ்சையைப் பிளாட் போட்ட இடம் என்றால் புலப்படத்தை (நிலத்தின் சர்வே வரைபடம்) வாங்கி, ஓரமாக வாய்க்கால், ஓடை ஏதாவது போகிறதா என்று கட்டாயம் பாருங்கள். தரையில் தூர்ந்துபோன வாய்க்கால் படத்தில் இருக்கும், பெருமழையில் தண்ணீர் அந்தப் பழைய வழியாகத்தான் வரும்.

மண் ஊருக்கு ஊர் மாறுகிறது. வள்ளியூர், பணகுடி பக்கம் பல இடங்களில் சீக்கிரமே சரளோ பாறையோ தட்டிவிடும். கயத்தாறு, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் கதை வேறு, தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், அதன் மேல் நிற்கிற சுவரும் கூடவே அசையும். கரிசல் எத்தனை அடி என்று குழி தோண்டிப் பார்த்து, அதைத் தாண்டிக் கெட்டியான மண் வருகிற வரைக்கும் காலம் (கான்கிரீட் தூண்) குழி இறங்கட்டும், எல்லாத் தூணையும் பேஸ்மட்டத்தில் பீம் போட்டுப் பிணைக்கட்டும். ரொம்ப ஆழம் போகிறது என்றால் பைல் (ஆழமாகத் துளையிட்டு இறக்கும் கான்கிரீட் தூண்) போடுவதைப் பற்றி இன்ஜினியரிடம் பேசுங்கள். அடுத்த வீட்டுக்காரர் நாலடி தோண்டினார், நமக்கும் நாலடி போதும் என்று மட்டும் முடிவு செய்யாதீர்கள். அப்புறம், வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிய கரிசலையே திரும்ப பேஸ்மட்டத்துக்குள் தள்ளப் பார்ப்பார்கள், விடாதீர்கள். சரள் அடித்து, அரை அடிக்கு ஒரு தரம் தண்ணீர் விட்டு இடித்து நிரப்பச் சொல்லுங்கள். இதில் மிச்சம் பிடிக்கிற பணம் பின்னால் தரை இறங்கும்போது பல மடங்காகப் போகும்.

கலவைத் தண்ணீர் விஷயத்தில் உவரி, கூடங்குளம், திசையன்விளைப் பக்கம் கட்டுகிறவர்கள் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. தாண்டினால் உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடிக்கும், துரு ஏற ஏறக் கம்பி உப்பி மேலே உள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். போர் போட்டதும் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள், செலவு பெரிதாக ஆகாது. உப்பு அதிகம் என்றால் கான்கிரீட்டுக்கு லாரித் தண்ணீர்தான். நனைக்க மட்டும் உப்புத் தண்ணீர் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள், கலக்க ஆகாத தண்ணீர் நனைக்கவும் ஆகாது. இதற்காகவே தரைக்கடியில் கட்டப் போகிற தண்ணீர்த் தொட்டியை வேலை ஆரம்பத்திலேயே கட்டிவிடுவது நல்லது, நல்ல தண்ணீரைப் பிடித்து வைக்க இடம் கிடைக்கும்.

கலவையில் தண்ணீர் அளவு அதைவிட முக்கியம். ஒரு மூட்டை 50 கிலோ சிமெண்டுக்கு 25 லிட்டருக்கு மேல் வேண்டாம், கடற்கரை ஓரத்தில் 22 லிட்டர். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையும். தளர்வாக இருந்தால் கொட்டி இழுக்கச் சுலபம் என்பதால் கூட ஒரு வாளி ஊற்றுவார்கள், அந்த ஒரு வாளியில் கான்கிரீட்டின் பலம் போய்விடுகிறது. தளம் போடுகிற அன்றைக்கு வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல் மிக்சர் பக்கத்திலேயே நில்லுங்கள். கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்குகிற வைப்ரேட்டர் ஓடுகிறதா, கம்பிக்கு அடியில் அதைத் தூக்கி நிறுத்துகிற கவர் பிளாக் கட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள், உடைந்த ஜல்லியை முட்டுக் கொடுப்பது கவர் பிளாக் ஆகாது.

நம் ஊர்க் காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் பாய்கிற காற்று, முப்பந்தலிலும் கயத்தாறிலும் காற்றாலையைச் சுழற்றுகிற அதே காற்று, புதிதாகப் போட்ட தளத்தின் ஈரத்தைச் சில மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். கான்கிரீட் இறுகும் முன்பே மேலே விரிசல் விழுவது அதனால்தான். அந்த மாதங்களில் போட்டே ஆக வேண்டும் என்றால் விடியற்காலையில் ஆரம்பியுங்கள், போடப் போடத் தார்ப்பாயால் மூடுங்கள், கொஞ்சம் இறுகியதும் நனைத்த சாக்கை விரியுங்கள். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட், அது மெதுவாகத்தான் பலம் பிடிக்கும், அதனால் 14 நாள் ஈரம் காயக் கூடாது. தூணுக்குச் சாக்கு சுற்றி நனையுங்கள், பூச்சுக்கும் ஒரு வாரம் தண்ணீர் அடியுங்கள். வெயில் அடிக்கிறதே, சீக்கிரம் காய்ந்து கெட்டியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், காய்வது வேறு, பலம் பிடிப்பது வேறு.

யார் நனைப்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். கொத்தனார் ஆள் வைக்கிறாரா, நீங்கள் வைக்கிறீர்களா? எழுதவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை யாரும் வர மாட்டார்கள். தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், கைப்பிடிச் சுவர், லாஃப்ட் எல்லாம் சதுர அடிக் கணக்கில் சேருமா, தனிக் காசா என்பதையும் எழுதுங்கள், பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை தை, மாசியில் வானம் தோண்டினால் ஐப்பசி மழைக்கு முன் தளம் மூடிவிடலாம். மொட்டைமாடியில் தட்டோடு பதிக்கும் முன் பத்து அடிக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம் (சரிவு) இருக்கிறதா என்று குடத்தில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், எங்கேயாவது தேங்கினால் அப்போதே சரிசெய்யச் சொல்லுங்கள். இறங்குகிற தண்ணீரை மழைநீர்த் தொட்டிக்கு விடுங்கள், மிச்சம் வாருகாலுக்கு (தெரு வடிகால்) போகட்டும். கரிசலில் அது சுவரோரம் ஊறவே கூடாது, வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாக ஒரு தளம் போட்டுவிடுங்கள். குழாய் பதிக்கத் தாழ்வாக விட்ட பாத்ரூம் பள்ளத்தில் வாட்டர்ப்ரூஃப் அடித்தபின் குழாய் வாயை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தி, கீழ் வீட்டுச் சீலிங்கில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே நிரப்பி டைல்ஸ் ஒட்ட விடுங்கள்.