பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு வாசிக்க மிஷனரி வரலாறு: புத்தகம் எடுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

"ஆன்ட்டி, துரைன்னா தோட்டத்து மேனேஜர்தானே? அவர் எப்படிப் பிரசங்கம் பண்ணுவார்?"

கேட்டவன் படிவம் இரண்டு படிக்கும் பையன். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எங்கள் சபையின் பின்கூடம், வெள்ளிக்கிழமை இரவு, ஏழெட்டுப் பிள்ளைகள், ஒரே ஒரு மின்விசிறி. என் கையில் பழைய மிஷனரி வரலாறு ஒன்று. அதில் மிஷனரியை வரிக்கு வரி 'துரை' என்றே எழுதியிருந்தார்கள். துரை குதிரையில் வந்தார், துரை மனமிரங்கினார், துரை பள்ளிக்கூடம் கட்டினார். அந்தப் பையனின் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவன் வீட்டில் துரை என்றால், விடியற்காலைப் பெரட்டில் எல்லாரும் வரிசையில் நிற்கும்போது முன்னால் வந்து நிற்கிறவர். பெரிய துரை, சின்ன துரை. ஏதோ விளக்கம் சொல்லிச் சமாளித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் பேர் சொல்லப்பட்ட தமிழர் இரண்டே பேர். மற்றவர்கள் எல்லாரும் 'சுதேசிகள்', 'கூலிகள்', 'ஒரு கிழவி'. எங்கள் பிள்ளைகள் அந்தக் கதைக்குள் நுழைந்தால் நிற்கக் கிடைக்கும் இடம் அந்த வரிசைதான்.

அன்றிலிருந்து, வாசிக்காமல் புத்தகம் எடுப்பதை விட்டுவிட்டேன். முதல் தவறு அதுதான், எல்லாரும் செய்வதும் அதுதான். அட்டையைப் பார்க்கிறோம், யாரோ நல்ல புத்தகம் என்று சொன்னார்கள், எடுத்துக்கொண்டு போய் நேரே பிள்ளைகள் முன்னால் திறக்கிறோம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நீங்கள் ஒருமுறை தனியாக வாசித்திருக்க வேண்டும். அதில் இரண்டு பக்கமாவது வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். பழைய மொழிபெயர்ப்புகளில் 'அவர்தம் ஊழியத்தினிமித்தம் நேரிட்ட உபத்திரவங்களினூடே' என்று வாக்கியம் போகும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு தமிழ் வாசிப்பை ஏறக்குறைய நிறுத்திவிட்ட பிள்ளைகள் இவர்கள். இடைநிலைப்பள்ளியில் நாள் முழுக்க மலாய். கேட்டால் நல்ல தமிழ் புரியும், ஆனால் காதில் விழுந்ததும் புரிய வேண்டும். உங்களுக்கே மூச்சு வாங்கும் வாக்கியம் அவர்களுக்கு வேண்டாம்.

அடுத்தது, குறையே இல்லாத மனிதரைத் தேடுவது. வில்லியம் கேரியை எடுத்துக்கொள்வோம். செருப்புத் தைத்தவர், 1793-இல் வங்காளம் வந்தார், 1801-இல் வங்காள மொழியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அவர் மனைவி டாரத்தி? முதலில் வர மறுத்தவர், பிறகு வற்புறுத்தலில் கைக்குழந்தையோடு கப்பல் ஏறியவர். வந்த மறுவருஷமே ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுப்போக்கில் இறந்தான். அதன் பிறகு டாரத்தியின் மனநலம் குலைந்து, 1807-இல் இறக்கும்வரை தேறவே இல்லை. பல புத்தகங்கள் இதை இரண்டு வரியில் தாண்டிவிடும், சிலவற்றில் அவர் பேரே இருக்காது. ஆனால் பதினைந்து வயதுப் பெண்பிள்ளை நிச்சயம் கேட்பாள்: "அவங்க வொய்ஃப் என்ன ஆனாங்க?" நம் ஊர்களில் மனநோயுள்ள ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் கொஞ்சமில்லை. அந்த வீட்டுப் பிள்ளை உங்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம். டாரத்தியை மறைக்காத புத்தகம் கிடைத்தால் அதையே எடுங்கள். கேரியின் உழைப்பு அதனால் ஒன்றும் சிறுத்துவிடாது, அந்த உழைப்புக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியவரும்.

(கேரி என்றதும் பந்திங் பக்கத்துக் கேரித் தீவு இவர் பேரில்தான் வந்தது என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். இல்லை. அது எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற தோட்ட முதலாளியின் பேர்.)

பேர் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காகவே ஒரு கதையை உண்மை என்று வாசித்துவிடுகிறோம். ஜி. யு. போப் தன் கல்லறையில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று எழுதச் சொன்னார் என்பதை நானும் தமிழ்ப்பள்ளியில் கேட்டு வளர்ந்தவள்தான். ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள அவர் கல்லறைக் கல்லில் அப்படி ஒரு வாசகமே இல்லை. அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அன்போடு எழுப்பிய கல் அது என்றுதான் அதில் இருக்கிறது. 1886-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார், எண்பதாவது வயதில் திருவாசகத்தை வெளியிட்டார். உண்மையே இவ்வளவு இருக்கும்போது கட்டுக்கதை எதற்கு? பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது. நாம் வாசித்து முடிப்பதற்குள் தேடிப் பார்த்துவிடுவார்கள். ஒரு கதை பொய் என்று தெரிந்தால், மற்ற எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழும்.

இனி, மனதுக்கு வலி தந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒருநாள் வாசித்துக்கொண்டே போகையில் 'அஞ்ஞானிகள் தங்கள் விக்கிரகங்களுக்கு முன்பாகக் கூத்தாடினார்கள்' என்ற வரி வந்தது. முன்கூட்டியே பார்க்காத பக்கம். வாசித்துவிட்டேன். எதிரே இருந்த பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய அம்மாச்சி வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவர். அம்மாவுக்கு முடியாமல் போன நாளெல்லாம் அவளைத் தூக்கி வளர்த்தவர் அந்த அம்மாச்சிதான். இங்கே கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பாதிச் சொந்தம் இந்துவாக இருக்கும். தீபாவளிப் பலகாரம் ஒரு வீட்டிலிருந்தும் கிறிஸ்துமஸ் கேக் இன்னொரு வீட்டிலிருந்தும் வரும். தோட்டத்தில் ஒரே லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களை அஞ்ஞானி என்று எழுதிய புத்தகத்தை அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தக் காலத்து நடை அப்படித்தான் என்று சொல்லித் தப்பவும் முடியாது.

ஏனென்றால் அந்தக் காலத்திலேயே வேறு மாதிரி நடந்தவர் இருக்கிறார். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். அந்த ஊரை ஆண்ட டேனியத் தளபதியோடு மோதல் வந்து நாலு மாதம் சிறையிலும் இருந்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றித் தமிழ் நூல்களைப் படித்தும் ஆட்களிடம் கேட்டும் பெரிய கையெழுத்துப் பிரதி ஒன்றை 1713-இல் எழுதி முடித்து ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கே இருந்த தலைவர்கள் அதை அச்சிட மறுத்துவிட்டார்கள். அச்சேறியது 1867-இல்தான். முப்பத்தாறு வயதில் இறந்தவர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. இந்தப் பகுதியை வாசித்த அன்று பிள்ளைகள் அரைமணி நேரம் பேசினார்கள். சீகன்பால்க் பற்றிய புத்தகம் வாங்கினால் இந்தச் சம்பவம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஏமி கார்மைக்கேல் எங்கள் பெண்பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தவர். 1895-இல் இந்தியா வந்து, ஒருமுறைகூட அயர்லாந்துக்குத் திரும்பாமல், 1951-இல் திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரிலேயே இறந்தவர். ஆனால் கோயிலுக்கு விடப்பட்டு 1901-இல் தப்பி அவரிடம் வந்த ஏழு வயது ப்ரீனாவின் கதையை எந்த வயதுக்கு எப்படிச் சொல்வது என்று யோசிக்காமல் இறங்கிவிடாதீர்கள். நான் அந்த அத்தியாயத்தைப் பெரிய பெண்பிள்ளைகளோடு தனியாக வாசித்தேன், சின்னவர்களுக்குச் சுருக்கிச் சொன்னேன். அப்புறம், புத்தகத்தில் இல்லாத ஒன்றை நீங்கள் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். பெண் குழந்தைகளைக் கோயிலுக்கு விடும் வழக்கத்துக்கு எதிராகச் சட்டசபையில் போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் தாயாரே தேவதாசிக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாகாணத்தில் தடைச் சட்டம் வந்தது 1947-இல். ஏமியின் கூடவே நின்ற பொன்னம்மாளையும் விட்டுவிடாதீர்கள். வெள்ளைக்கார அம்மா வந்து தனியாகக் காப்பாற்றினார் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், தவறு ஏமியுடையது இல்லை, வாசித்த நம்முடையது.

அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் கதையில் வேறொரு சிக்கல். ஒரே இரவில் மூன்று பெண்கள் ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாது என்பதால் பிரசவத்தில் இறந்த சம்பவத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர் படித்தது, 1900-இல் இந்தியாவுக்குத் திரும்பியது, வேலூரில் 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியது எல்லாம் வேகமாக ஓடிவிடும். எஸ்.பி.எம். என்ற இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு நெருங்கும் பிள்ளைகளுக்கு அந்த வருஷங்கள்தான் தேவை.

வாசித்து முடித்ததும் 'இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?' என்று கேட்க வேண்டாம். இருபது நிமிஷம் வாசியுங்கள், மைலோ கொடுங்கள், அவர்களாகப் பேசுவார்கள். இந்து நண்பர்கள் கூட வந்தால் அவர்கள் பெற்றோருக்கு முன்பே சொல்லிவிடுங்கள், என்ன வாசிக்கிறோம் என்பது உட்பட.

வெள்ளைக்காரர்களையே வாசிப்பதும் தவறுதான், நான் வருஷக்கணக்கில் செய்த தவறு. திருநெல்வேலிப் பக்கம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1903-இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். திருநெல்வேலிச் சபைகள் தங்கள் காணிக்கையில் தங்கள் ஆட்களைத் தெலுங்கு நாட்டுக்கு அனுப்பின. 1912-இல் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். நம்மில் பலருடைய பாட்டன்மார் கப்பலேறியது அந்த ஊர்ப் பக்கத்திலிருந்துதான்.

1910-இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. முப்பத்தைந்து வயது அசரியா எழுந்து, மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைத் தந்தீர்கள், உங்கள் சரீரத்தையும் சுட்டெரிக்கத் தந்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். 1 கொரிந்தியர் 13 எங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம், அதனால் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

துரை என்றால் மேனேஜர்தானே என்று கேட்ட அதே பையன், இப்போது படிவம் மூன்று, கையைத் தூக்கினான்.

"அப்புறம் அவங்க ஃபிரெண்டா வந்தாங்களா, ஆன்ட்டி?"

"சிலர் வந்தாங்க. சிலர் வரலை."

"யாரு வந்தாங்க?"

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு எந்தப் புத்தகம் என்பதை அவன் கேள்வியை வைத்துத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.