அரபு வேர்ச்சொல் தேடும்போது காதை மட்டும் நம்பாதீர்கள்

வசூல், மகசூல் இரண்டும் அரபியிலிருந்து நமக்கு வந்த சொற்கள். இரண்டிலும் 'சூல்' ஒலிக்கிறது, இரண்டிலும் ஏதோ ஒன்று கைக்கு வந்து சேர்கிறது. ஒரே வேர்தானே என்று தோன்றும். ஆனால் வசூலின் வேரெழுத்துகள் (அரபுச் சொல்லுக்கு அடிப்படையாக நிற்கும் மெய்யெழுத்துகள்) வாவ், ஸாத், லாம் என்ற அரபு எழுத்துகள். 'போய்ச் சேர்தல்' என்று பொருள். மகசூலுக்கு ஹா, ஸாத், லாம்; அதாவது 'கிடைத்தல்'. மகசூலுக்கு நெருங்கிய சொந்தம் தாசில்தாரில் இருக்கும் 'தாசில்'தான். அதே ஹா மகசூலில் ககரமாகத் தங்கிவிட்டது, தாசிலில் தேய்ந்து மறைந்துவிட்டது.

தமிழ் எழுத்தில் எழுதி வைத்து வேர் தேடுவதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு. 'கல்ப்' என்று எழுதுகிறோம். அரபியில் அதன் முதல் எழுத்து காஃப் (ك) என்றால் நாய். அடிநாக்கிலிருந்து வரும் ஃகாஃப் (ق) என்றால் இதயம். அரபு எழுத்தைப் பார்க்காமல் வேர் சொல்லவே கூடாது.

அப்புறம், சொல்லின் முன்னால் நிற்கும் 'ம'. மஸ்ஜித் (பள்ளிவாசல்), மக்தப் (தொடக்கப் பள்ளி) போன்றவற்றில் அது வேரில் சேராது, இடத்தைக் குறிக்க வந்த முன்னொட்டு. ஸஜ்தா (நெற்றி தரையில் பட வணங்குதல்) செய்யும் இடம் மஸ்ஜித். வேர் வரிசையில் அமைந்த அகராதியில் அதை 'ம' எழுத்தான மீமில் தேடினால் கிடைக்காது, 'ஸ' எழுத்தான ஸீனுக்குப் போக வேண்டும். சரி, எல்லா 'ம'வையும் வெட்டிவிடலாமா என்றால் அதுவும் ஆபத்து. அரசனைக் குறிக்கும் மலிக், வானவரைக் குறிக்கும் மலக் இரண்டையும் உயிர்க்குறி இல்லாமல் எழுதினால் ஒரே மாதிரி (ملك) இருக்கும். மலிக்கில் மீம் வேரெழுத்து. மலக்கில் அப்படி இல்லை. 'தூது அனுப்புதல்' என்ற பொருளுடைய லாம், ஹம்ஸா (தொண்டையை அடைத்துத் திறக்கும் ஒலிக்கான எழுத்து), காஃப் என்பதே அதன் வேர் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. பன்மையில் 'மலாயிகா' என்னும்போது மறைந்திருந்த ஹம்ஸா வெளியே வருகிறது. சந்தேகம் வந்தால் பன்மையைப் பாருங்கள், பல நேரம் அது காட்டிக்கொடுக்கும். வாசலுக்கு பாப், பன்மை அப்வாப்; ஒளிந்திருந்த வாவ் தெரிந்துவிடுகிறது.

எல்லாச் சொல்லுக்கும் அரபு வேர் இருந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். கலம் (எழுதுகோல்), திர்ஹம் இரண்டுக்கும் மூலம் கிரேக்கம், தீனாருக்கு மூலம் லத்தீன். வந்த சொல்லிலிருந்தே அரபி புது வேரும் செய்துகொள்ளும்: தொலைக்காட்சியில் ஒளிபரப்புவதற்கு 'தல்ஃபஸ' என்ற வினை டெலிவிஷனிலிருந்து பிறந்ததுதான்.

வேரின் பொருளை அப்படியே சகோதர மொழிக்குக் கொண்டுபோவதும் சறுக்கும். லாம், ஹா, மீம் சேர்ந்த லஹ்ம் அரபியில் இறைச்சி. அதே வேரில் எபிரேயத்தின் லெஹெம் ரொட்டி. பெத்லகேம் எபிரேயக் காதுக்கு 'ரொட்டி வீடு'. அரபியில் அதே ஊர் 'பைத் லஹ்ம்', இறைச்சி வீடு.