ஆடியில் போடுங்கள் உங்கள் முதல் பாட்டு வெளியீட்டை

கும்பகோணம் பக்கம் புது பேண்டின் முதல் சிங்கிளை (தனியாக வெளியிடும் ஒற்றைப் பாட்டை) மேடையேற்ற ஆடி மாதம்தான் தோது. கல்யாணம் இல்லாததால் மண்டபம் காலியாகக் கிடக்கும், வாடகையைப் பேசிக் குறைக்கலாம். ஆனால் மைக் செட் எல்லாம் அம்மன் கோயில்களுக்குப் போய்விடும். அதற்கு மட்டும் முன்கூட்டியே அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் திறந்தவெளி மேடை வேண்டவே வேண்டாம்.

மைக் செட் அண்ணனிடம் முதல் வேலையாக எக்கோவை அணைக்கச் சொல்லுங்கள். கல்யாணப் பழக்கத்தில் அதைத் தூக்கியே வைத்திருப்பார். கேட்டால், "அப்பத்தான் தம்பி குரல் எடுபடும்" என்பார். விட்டுக்கொடுக்காதீர்கள், எக்கோ இருந்தால் பாட்டு வரி ஒன்றும் புரியாது.

சவுண்ட் செக் தலைகீழாக நடக்கட்டும். கடைசியில் வாசிக்கும் நீங்கள் முதலில் பாருங்கள், டிரம்ஸை நகர்த்தாமல் விடுங்கள், மிக்சர் அளவுகளை போனில் படம் எடுங்கள். முதலில் மேடையேறுபவர்கள் கடைசியாகப் பார்த்தால் அப்படியே தொடங்கிவிடலாம். துணைக் குழுவாக நாதஸ்வரம், தவில் வந்தால் அவர்களுக்குப் பெரிதாக மைக் வேண்டாம். ஆனால் அவர்களுக்குப் பின்னால் உடனே தனி கிட்டாரை ஏற்றினால் பையன் பாவம். இரண்டுக்கும் நடுவில் ராப் பாடுபவரை மேடையேற்றுங்கள்.

ஒலிபெருக்கிக்கு போலீஸ் அனுமதி முன்பே வாங்குங்கள். இரவு 10 மணிக்கு நிறுத்தியாக வேண்டும். அதனால் சிங்கிளை 9 மணிக்குள் பாடிவிடுங்கள், மயிலாடுதுறைக்காரர்கள் பஸ் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். அப்புறம், பாட்டுக்கான கியூஆர் கோடை மேடையில் ஒட்டாதீர்கள். காபி கொடுக்கும் மேசையில் ஒட்டுங்கள்.