உப்புக் கரைசலைச் சூடாக்கியும் மீட்டர் அசையவில்லையா?

சூடு ஏற ஏற உப்புக் கரைசலின் மின்கடத்துத்திறன் கூடும். நீரின் பாகுநிலை குறைந்து அயனிகள் எளிதாக நகர்வதுதான் முக்கியக் காரணம். 1 டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் ஏற வேண்டும். முதல் தடவை நான் அளந்தபோது 25 டிகிரியிலும் 45 டிகிரியிலும் மின்கடத்துத்திறன் மீட்டர் 1190 மைக்ரோசீமென்ஸ்/செ.மீ. பக்கத்திலேயே நின்றது. உப்பை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன், ஒரு மத்தியானமே போனது.

முதலில் கரைசல். 0.584 கிராம் சோடியம் குளோரைடைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து 1 லிட்டராக்கினால் 0.01 மோலார். தராசு அவ்வளவு நுணுக்கமாகக் காட்டாதென்றால் 5.84 கிராமில் 1 லிட்டர் செய்து, அதில் 100 மில்லியை எடுத்துப் பத்து மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். சமையல் உப்பு வேண்டாம். அயோடின் சேர்மமும் கட்டிபிடிக்காமலிருக்கப் போடும் பொருளும் அதில் கலந்திருக்கும்.

இனி என்னைக் கவிழ்த்த இடம். டிஜிட்டல் மீட்டர்களில் ஏடிசி (தானியங்கி வெப்பநிலை ஈடுசெய்தல்) என்று ஒன்று இருக்கிறது. கரைசல் எந்தச் சூட்டில் இருந்தாலும், 25 டிகிரியில் என்ன காட்டுமோ அதைக் கணக்கிட்டுக் காட்டும். அதாவது, நாம் அளக்க வந்ததையே அது அழித்துவிடுகிறது! மெனுவில் வெப்பநிலைக் குணகத்தை (1 டிகிரிக்கு எத்தனை சதவீதம் என்று மீட்டர் எடுத்துக்கொள்ளும் எண்) 0 ஆக்குங்கள், அல்லது ஏடிசியை அணையுங்கள். கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும் பழைய குமிழ் மீட்டர் என்றால் வெப்பநிலைக் குமிழை 25இல் வைத்துவிட்டு அப்புறம் தொடவே கூடாது. எனக்கு அந்தப் பழசுதான் பிடிக்கும், என்ன செய்கிறதென்று கண்ணுக்குத் தெரிகிறது. குடிநீரில் கரைந்திருக்கும் உப்புகளைப் பார்க்க வைத்திருக்கும், பேனா மாதிரியான டிடிஎஸ் மீட்டர் இந்த வேலைக்கு ஆகாது. பெரும்பாலானவற்றில் ஏடிசியை அணைக்க வழியில்லை.

அடுத்து கலமாறிலி, அதாவது செல்லின் (கரைசலில் முக்கும், தகடுகள் உள்ள பகுதி) வடிவத்தைப் பொறுத்த எண். 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடில் செல்லை முக்கி, 25 டிகிரியில் 1413 மைக்ரோசீமென்ஸ்/செ.மீ. காட்டும்படி சரிசெய்யுங்கள்.

(பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த ஒருவருக்கு எல்லா அளவும் 9 சதவீதம் குறைவாக வந்தது. அவர் அறையில் 30 டிகிரி. அந்தச் சூட்டில் அதே கரைசல் 1552 காட்ட வேண்டும்; அவர் 1413க்குத் திருகியிருக்கிறார். 20 டிகிரி என்றால் 1278. ஏடிசியை அணைத்தபின் அந்தந்த வெப்பநிலைக்குரிய எண்ணையே வையுங்கள்.)

சரி, அளக்கலாம். நம் ஊர் வெயிலுக்கு அறையில் 25 கிடைக்காது. பீக்கரை ஐஸ் தண்ணீரில் வைத்து 15இல் தொடங்கி, வாட்டர் பாத்தில் ஐந்து ஐந்து டிகிரியாக 50 வரை ஏற்றுங்கள். தெர்மாமீட்டர் பாத்தில் அல்ல, கரைசலுக்குள், செல்லை ஒட்டி இருக்க வேண்டும். கரைசலைக் கலக்கிவிட்டு, ஐந்து நிமிடம் எண் நகராமல் நின்றபின் குறியுங்கள். நீர் ஆவியாகாதபடி பீக்கரை மூடி வையுங்கள்.

40க்கு மேல் எண் திடீரென்று கீழே போகிறதா? கரைந்திருந்த காற்று வெளியேறி, தகடுகளில் கடுகுக்கும் சின்ன குமிழிகளாக ஒட்டியிருக்கும். செல்லைத் தூக்கி, ஒரு தட்டு தட்டி, மறுபடி முக்குங்கள்.

வெப்பநிலைக்கு எதிராக மின்கடத்துத்திறனை வரைந்தால் வரைபடம் நேர்கோட்டுக்குப் பக்கத்தில் வரும். சாய்வை 25 டிகிரியில் கிடைத்த மின்கடத்துத்திறனால் வகுத்துப் பாருங்கள், 0.02ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

முடிந்ததும் செல்லைக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, அதிலேயே ஊற விடுங்கள். தகட்டின் கறுப்புப் பூச்சை அழுக்கென்று நினைத்து டிஷ்யூவால் துடைத்துவிடாதீர்கள். அது பிளாட்டினம்.