மலையில் விலங்கும் அந்தி வானமும்: வடசென்னையிலிருந்து கேமராவோடு கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று எங்கள் பக்கத்தில் கேமரா பிடிக்கிற பிள்ளைகள் நிறைய வந்துவிட்டார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. நாலு நாள் லீவு சேர்ந்தால் சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்து முதுமலைக்குப் போகிறார்கள். இல்லையென்றால் மூணாறு வழியாக கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்கா. திரும்பி வந்து காட்டும் படங்களில் ஒரே மாதிரியான குறைகள் தெரிகின்றன. விலங்கு நன்றாக இருந்தால் வானம் வெளுத்திருக்கும். வானம் சிவந்திருந்தால் விலங்கு கலங்கியிருக்கும்.

இதற்குக் காரணம் லென்ஸ் இல்லை. விலங்கையும் அந்தி வானத்தையும் ஒரே படத்தில், இரண்டிலும் முழு விவரத்தோடு கொண்டுவந்துவிடலாம் என்கிற ஆசைதான். சூரியன் மறையும் திசைக்குக் கேமராவைத் திருப்பினால், விலங்கின் நம்மைப் பார்த்த பக்கம் முழுக்க நிழலில் கிடக்கும். வானத்தின் வெளிச்சத்துக்கும் அந்த நிழலுக்கும் உள்ள வித்தியாசத்தை, கேமராவுக்குள் ஒளியைப் பதிகிற சென்சார் ஒரே சொடுக்கில் தாங்காது. ஃபோனில் இருக்கும் ஹெச்டிஆர், பல படங்களைச் சேர்த்துச் சமாளிக்கும். ஆனால் விலங்கு அசைந்தால் ஓரங்களில் இரட்டை உருவம் விழும். அதனால் கேமராவைத் தூக்குமுன் முடிவு செய்துகொள்ளுங்கள்: எனக்கு வேண்டியது விலங்கின் ரோமமும் கண்ணுமா, வானமா?

விலங்கு என்றால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கமோ தோள் பக்கமோ இருக்கட்டும். வானம் என்றால் விலங்கைக் கருப்பு உருவமாக விட்டுவிடுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் அதற்கும் நுணுக்கம் உண்டு. பாறை மேல் ஒரு வரையாடு, அதாவது மலைக் காட்டு ஆடு, நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது நேராக நம்மைப் பார்த்தால் கருப்பில் ஒரு கட்டைபோலத்தான் தெரியும். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பும்போதுதான் பின்னோக்கி வளைந்த கொம்பும் தாடையும் தனியாகப் பிரியும். நான்கு கால்களுக்கு இடையிலும் வானம் தெரிய வேண்டும். நின்ற உயரத்தில் எடுத்தால் பின்னாலிருக்கும் சரிவோடு வயிறும் காலும் கரைந்துபோகும். பாதையை விட்டு இறங்காமல் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து எடுத்தால் உடம்பு முழுவதும் வானத்துக்கு எதிரே வந்துவிடும். சூரியனை விட்டுச் சற்றுத் தள்ளியுள்ள வானத்தில் வெளிச்சத்தை அளந்து, எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை) ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்தால் நிறம் கெட்டியாக நிற்கும்.

அடுத்தது நேரக் கணக்கு. நீலகிரியும் மூணாறும் நமக்கு மேற்கே இருப்பதால் அங்கே சூரியன் மறைவது சென்னையைவிடக் கால் மணி நேரம் போலத் தாமதம். இதை ஃபோனில் பார்த்துவிட்டு நிதானமாகப் போகிறவர்கள் ஏமாந்துவிடுகிறார்கள். மேற்கே உயரமான முகடு இருந்தால் ஃபோன் சொல்லும் நேரத்துக்கு வெகு முன்பே சூரியன் அதன் பின்னால் இறங்கிவிடும், பள்ளத்தாக்கு இருட்டிவிடும். அதனால் மேற்கு திறந்திருக்கும் இடத்தைப் பகலிலேயே பார்த்து வையுங்கள்.

சூரியன் மறைந்ததும் பையைக் கட்டிக்கொண்டு கிளம்புவது இன்னொரு தவறு. உயரத்தில் இருக்கும் கீற்று மேகங்களுக்குக் கீழிருந்து வெளிச்சம் ஏறுவது அதற்கு அப்புறம்தான். பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். நம் அட்சரேகையில் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால் அதற்கு மேல் நீளாது. அந்தச் சமயத்தில் ஒரு முறை கிழக்கேயும் திரும்பிப் பாருங்கள். அடிவானத்தில் நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, அதன் மேல் இளஞ்சிவப்பு. அந்த நீலப் பட்டை பூமியின் நிழல். மேற்கையே பார்த்துக்கொண்டிருக்கும் பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

மேகமே இல்லாத நாளில் பிரமாதமான வானத்தை எதிர்பார்க்கவும் வேண்டாம். மழை பெய்து விட்டு, மேற்கே அடிவானத்தில் மட்டும் இடைவெளி திறந்திருக்கும் மாலைதான் அதற்கு ஏற்றது. நிறத்தைச் சமன் செய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் கேமரா அந்தச் சிவப்பைக் குறை என்று நினைத்துத் திருத்திவிடும். வெயிலுக்கான அமைப்பில் வையுங்கள், ரா ஃபைலாக (கேமரா திருத்தாத மூலப் பதிவாக) எடுங்கள்.

சரி, விலங்குக்கு வருவோம். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றினால் படத்தில் புள்ளி விழும் என்று பயந்து ஷட்டர் வேகத்தை இறக்குவதுதான் அதிகம் நடக்கிறது. நடக்கும் விலங்குக்கு நொடியில் 1/500, பறக்கும் பறவைக்கு 1/1600 அளவிலாவது இருக்கட்டும். புள்ளி விழுந்த படத்தைப் பிறகு சரிசெய்யலாம், ஆட்டம் கண்ட படத்தை ஒன்றும் செய்ய முடியாது. காட்டெருமை ஃப்ரேமை நிறைத்தால் கேமரா அதன் கருப்பைச் சாம்பலாக்கப் பார்க்கும், எக்ஸ்போஷரைக் குறையுங்கள். மூடுபனியில் நேர்மாறாக எல்லாமே மங்கும், அங்கே கொஞ்சம் கூட்டுங்கள். ஃபோகஸ் கண்ணில்.

இதையெல்லாம் மலைக்குப் போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். சஃபாரி வண்டியில் விலங்கு கண்ணில் படும் நேரம் சில நொடிகள்தான், அப்போது பட்டனைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. காசிமேட்டில் மீன் கழிவுக்கு இறங்கும் செம்பருந்தைவிட நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும்? அது வளைந்து திரும்பும் ஒரு கணத்தில் கண்ணில் ஃபோகஸ் நிற்க வைக்கப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். அந்தி வானத்துக்கு எண்ணூர் முகத்துவாரப் பக்கம் போங்கள். நமக்குக் கடல் கிழக்கே இருந்தாலும், அங்கே மேற்கே கழிமுகத் தண்ணீர் விரிந்திருக்கிறது. சேற்றில் நிற்கும் நெடுங்கால் உள்ளானையும் கொக்கையும் கருப்பு உருவமாக எடுத்துப் பழகலாம், பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் வந்தாலும் பரவாயில்லை. நம் வானம் அப்படித்தான் இருக்கிறது. அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

காட்டின் விதிமுறைகளைப் படிக்காமல் போவதை மட்டும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இரவிகுளத்தில் ராஜமலைப் பகுதிக்கு மட்டும்தான் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி, நுழைவும் பிற்பகலோடு முடிந்துவிடும். அந்தி வானத்தைப் பூங்காவுக்கு வெளியே இருந்துதான் எடுக்க முடியும். வரையாடு குட்டி போடும் பருவத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில், பூங்காவையே மூடிவிடுவார்கள். இது தெரியாமல் டிக்கெட் போட்டுவிட்டுப் புலம்புகிறவர்கள் உண்டு. மூடுவது நியாயம். 2024-இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில் நம் மாநில விலங்கான வரையாடு 1,031 தான். ராஜமலையில் அவை மனிதர்களுக்குப் பழகி அருகில் வரும். அதற்காகத் தின்பண்டம் நீட்டுவதும், குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் போய் நிற்பதும் கூடாது.

முதுமலையில் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்குவது தடை. இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறுவரை போக்குவரத்தும் கிடையாது. யானை காதை விரித்து நம் பக்கம் திரும்பினாலே, நாம் அதற்கு மிக அருகில் இருக்கிறோம் என்று புரிந்துகொள்ள வேண்டும். ஃப்ளாஷ் வேண்டாம். ஃபோனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்க வேண்டாம். அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிட்டால் வழக்கு வரும். அரிய விலங்கைப் பார்த்த இடத்தைப் படத்தோடு இணையத்தில் போடாதீர்கள், அந்தத் தகவல் வேட்டைக்காரனுக்கும் போய்ச் சேரும்.

வண்டி நின்றதும் டிரைவரிடம் இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். ஓடும் இன்ஜினின் அதிர்வு நீள லென்ஸில் அப்படியே தெரியும். ஜீப்பில் ட்ரைபாட் விரிக்க இடமிருக்காது. அரிசியோ பயறோ நிரப்பிய துணிப்பை ஒன்றை ஜன்னலில் வைத்து அதன் மேல் லென்ஸைச் சாய்த்தால் போதும்.

கடைசியாக, குளிரிலிருந்து வந்ததும் கேமராவை வெளியே எடுக்கும் பழக்கம். மலையில் வெளியே நின்றுவிட்டுச் சூடான அறைக்குள் நுழைந்தால் லென்ஸில் பனி படியும். கேமராவை பையின் ஜிப்பைத் திறக்காமல் ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். ஊருக்கு வந்த பிறகும் பையிலேயே போட்டு வைக்காதீர்கள். நம் பக்கத்து உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், அதைச் சுத்தம் செய்ய லென்ஸைப் பிரித்தாக வேண்டும். கேமராவை லேசாக ஈரத் துணியால் துடைத்து, உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு மூடி வையுங்கள். நிறம் மாறும் வகை சிலிகா ஜெல் வாங்கினால் எப்போது மாற்ற வேண்டும் என்று பார்த்தாலே தெரியும்.