கொன்றை விதை முளைக்கச் சின்ன உரசல் போதும்

கொன்றைப் பேரினத்து மரங்களின் காய், பட்டாணிக்காய் வெடிப்பதுபோல் முற்றியதும் தானாக வெடிப்பதில்லை. சரக்கொன்றையில் அது 30 முதல் 60 செ.மீ. வரை நீளும் கறுத்த உருளை. உள்ளே அடுக்கடுக்காகக் குறுக்குச் சுவர்கள். அறைக்கு ஒரு விதை, சுற்றிலும் பிசுபிசுப்பான கருஞ்சதை. எத்தனை அழகான அமைப்பு! காய்ந்த காயைச் சுத்தியலால் மெல்லத் தட்டி உடையுங்கள். துளை விழுந்த விதைகளை ஒதுக்கிவிடுங்கள், அவை வண்டு குடைந்தவை.

நல்ல விதையின் பளபளப்பான உறை தண்ணீரை உள்ளே விடாது. அப்படியே புதைத்தால் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். எனவே காம்பு ஒட்டியிருந்த தழும்புக்கு எதிர்ப்பக்க விளிம்பை, உள்ளிருக்கும் வெளிர்நிறம் தெரியும்வரை உப்புத்தாளில் தேயுங்கள். தழும்புப் பக்கம் கை வைக்கவே கூடாது. முளைக்கரு அங்கேதான் இருக்கிறது. பிறகு ஓரிரவு தண்ணீரில் ஊறட்டும். உப்பியவற்றை உடனே ஊன்றிவிடலாம். உப்பாதவற்றை இன்னும் கொஞ்சம் தேய்த்து மறுபடி ஊறவையுங்கள். வெந்நீரில் போடும் முறையும் உண்டு. ஆனால் ஒவ்வொரு விதையையும் கையால் தேய்ப்பதே நம்பகமானது என்பேன்.

சரக்கொன்றைச் சதை பேதியாக்கும். குழந்தைகள் சுவைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.